தண்ணீர் மூன்று மணிக்கு வந்தது, அறிவித்தல் ஏழு மணிக்கு வந்தது

மட்டக்களப்பு மாவட்டத்தில் குளங்களின் வான்கதவுகளைத் திறக்கவும் மூடவும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டவும், வெள்ள அறிவித்தல் விடவும் அதிகாரம் பெற்றிருக்கும் அனைவருக்கும்,

2025 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பர் மாதம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் நீங்கள் கூட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். உங்களில் ஒருவர் ஒரு கடதாசியை உயர்த்திக் காட்டி, “27ஆம் திகதியே அறிவித்தல் விட்டுவிட்டோம். சனங்கள்தான் அலட்சியமாக இருந்துவிட்டார்கள்” என்றார். பிறகு தேநீர் வந்தது. கூட்டம் முடிந்தது. உங்கள் கூட்டக் குறிப்பில் அந்தச் சொல் பதிவாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். அலட்சியம். அதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை இது.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாழ்பவள். ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூன்று ஏக்கர் வயலும் உண்டு. ஊரின் பெயரை வேண்டுமென்றுதான் எழுதவில்லை. எழுதினால், அந்த ஒரு ஊரின் முறைப்பாடு என்று ஒரு கோவைக்குள் போய் இது படுத்துவிடும். வவுணதீவிலிருந்து வெல்லாவெளி வரை, கிரானைத் தாண்டிப் புலிபாய்ந்தகல் வரை, வாவிக்கு மேற்கே எந்த ஊரின் பெயரைப் போட்டு வாசித்தாலும் இந்த மடல் பிசகாது.

முதலில் அந்த இரவைச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டத்தில் அதைச் சொல்ல எங்களுக்கு நேரம் தரப்படவில்லை.

2025 நவம்பர் 27, வியாழக்கிழமை. டித்வா என்று பெயர் வைத்த புயல் எங்கள் கிழக்குக் கரையோடு ஒட்டி நின்றது. அது யேமன் நாடு கொடுத்த பெயராம். சொக்கோத்ரா தீவில் உள்ள ஒரு வாவியின் பெயர். வாவிக்கரைச் சனங்களை அழிக்க வந்ததற்கு வாவியின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று பிறகு வாசித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மழை அதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கிவிட்டது. பின்னேரம் நான்கு மணிக்கு மின்சாரம் போனது. எட்டு மணியளவில் கைத்தொலைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றும் இல்லை. இரவு பத்து மணிக்குக் கணவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் மதகைப் பார்த்துவிட்டு வந்தார். “வாய்க்கால் நிரம்பித்தான் ஓடுகிறது, ஆனால் வீதிக்கு ஏறவில்லை. இப்படியே நின்றால் விடியும்வரை பயமில்லை” என்றார். முப்பது ஆண்டுகள் அந்த மதகைப் பார்த்தவரின் கணக்கு அது. மழையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. மேலே குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டது அந்தக் கணக்கில் இல்லை.

முதலில் அறிந்தது மாமிதான். எண்பத்திரண்டு வயது. கட்டிலில் படுத்தால் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் தரையில் பாய் போட்டுப் படுப்பவர். மூன்று மணியிருக்கும். “பிள்ளை, பாய் நனைகிறது” என்றார். நான் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். வயதானவர்கள் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது தெரியும். இருட்டில் முனகிக்கொண்டே, “கூப்பிட்டிருக்கலாமே மாமி” என்று கடிந்துகொண்டு காலைக் கீழே வைத்தேன். கணுக்கால்வரை தண்ணீர். சத்தமே இல்லை. புயலென்றால் ஓலம், வெள்ளமென்றால் இரைச்சல் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். வீட்டுக்குள் வருகிற வெள்ளம் பூனை மாதிரித்தான் வரும்.

உரலைக் கவிழ்த்தோம். அதன்மேல் பலகை, பலகைமேல் மாமி. அரை மணித்தியாலத்தில் முழங்கால். வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் இடுப்புக்கு மேல், அதுவும் இழுக்கிற தண்ணீர். எங்களை எடுத்தது பக்கத்து வளவுக்காரரின் தோணி. அவர் வாவியில் வலை போடுபவர். வியாழன் பின்னேரமே தோணியைத் துறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வீட்டுப் புளியமரத்தில் கட்டியிருந்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். வாவித் தண்ணீரின் நிறமும், அதில் மிதந்துவந்த ஆற்றுவாழையும் பிடிக்கவில்லை என்றார். அவர் கைக்கு எந்த அறிவித்தலும் வரவில்லை. விடியும்வரை பதினொரு நடை போனார். மாமியைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கித் தோணியில் வைத்தோம். தோணிக்காரரின் மகன் முன்னணியத்தில் நின்று டோர்ச்சைத் தண்ணீரில் அடித்துக்கொண்டே வந்தான். எதற்கு என்று மாமி கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை. வாவிக்கரையில் வெள்ளத்தில் எதன் கண்கள் மினுங்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் கேட்டறியுங்கள்.

உங்கள் கூட்டத்துக்கு அந்தத் தோணிக்காரரை யாரும் அழைக்கவில்லை. அழைப்புப் பட்டியலில் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள் இருந்தார்கள். அவர் எந்தச் சங்கத்திலும் பதவி வகிப்பவர் அல்லர்.

பாடசாலை மேட்டில் இருக்கிறது. அங்கே நனைந்த உடுப்போடு நின்றபோது, காலை ஏழு மணியும் சில நிமிடமும் இருக்கும், என் கைத்தொலைபேசி ஒரு தடவை உயிர்பெற்றுக் குறுகுறுத்தது. வாட்ஸ்அப்பில் ஒரு படம். கடிதத் தலைப்பு, இலச்சினை, கையொப்பம், திகதி 27. அதுதான் உங்கள் அறிவித்தல். முதல் நாள் மாலை முகநூலில் போடப்பட்டு, ஒருவர் மற்றவருக்கு அனுப்பி, தொலைபேசிக் கோபுரம் செத்துக் கிடந்த இரவு முழுவதும் எங்கோ தங்கி, தண்ணீர் வந்து நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. நீங்கள் அறிவித்தல் விட்டது உண்மை. அது எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஒரு மாணவன் விடைத்தாளை எழுதித் தன் புத்தகப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எழுதினேன் ரீச்சர் என்று சொன்னால் நான் புள்ளி போடலாமா?

சரி, அது நேரத்துக்கே வந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதன் முக்கியமான வாக்கியம் இது: “நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்படவுள்ளதால் தாழ்நிலப் பகுதிகளில் வாழும் மக்கள் மிகுந்த அவதானத்துடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு வாக்கியம் கற்பிக்கும்போது நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்விகள் ஐந்து: யார், என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு. உங்கள் வாக்கியத்திடம் அவற்றைக் கேட்டுப்பார்த்தேன். யார் திறக்கிறார்? செயப்பாட்டு வினை அவரை மறைத்துவிட்டது. எப்போது திறக்கிறார்? “படவுள்ளதால்”. அது இன்னும் பத்து நிமிடமாகவும் இருக்கலாம், பத்து நாளாகவும் இருக்கலாம். எங்கே? தாழ்நிலப் பகுதி. படுவான்கரையில் தாழ்நிலம் அல்லாத இடம் பாடசாலை மேடும், கோயில் மேடும், யானைகள் நிற்கிற காட்டு மேடும்தான். எவ்வளவு? வினாடிக்கு இத்தனை கன அடி என்று ஓர் எண் அடுத்த வரியில் இருந்தது. கன அடியை வைத்துக்கொண்டு மாமியைத் தூக்குவதா, நெல்மூட்டையைத் தூக்குவதா, மாட்டை அவிழ்த்து விடுவதா என்று யாரால் முடிவெடுக்க முடியும்? கடைசியாக, “அவதானத்துடன் இருத்தல்” என்பது என்ன செயல்? தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதா?

எங்களுக்கு விளங்குகிற அளவு வேறு. வைரவர் கோயிலின் இரண்டாம் படி நனைந்தால் கீழ் ஒழுங்கையில் உள்ள வீடுகள் போகும். நான்காம் படி நனைந்தால் எங்கள் வீடு. “இன்று இரவு பத்து மணிக்குக் கதவு திறக்கிறோம், விடியப்புறம் மூன்று மணிக்கு உங்கள் வைரவர் கோயிலின் நான்காம் படிக்கு வரும், இரவு எட்டு மணிக்கு முன்பே பாடசாலைக்குப் போய்விடுங்கள்” என்று ஒரு வரி. அதைத் தமிழில், அந்த நேரத்துக்கு, வாயால் சொல்லியிருந்தால் போதும். தமிழில் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அந்த வாரம் மேலிடத்திலிருந்து எங்களிடம் கைமாறி வந்த வரைபடங்களில் பாதிக்கு மேல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. புயல் நாளில் அதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி நேரம் சொல்ல முடியாது, வெள்ளம் கணக்குக்குள் அடங்காது என்று நீங்கள் சொல்லக்கூடும். என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. என் மாமனார் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்த வெள்ளங்களுக்குப் பிறகு அவர் கிணற்றுக்கட்டில் தாரால் கோடு போடத் தொடங்கினார். நான் திகதியும் நேரமும் எழுதத் தொடங்கினேன். அவர் போன பிறகு கோடும் நானே போடுகிறேன். குளத்துப் பக்கத்தில் இருக்கும் என் தம்பி முறையானவர் கதவு திறந்த நேரத்தைச் சொல்வார், நான் எங்கள் மதகில் தண்ணீர் ஏறிய நேரத்தைப் பார்ப்பேன். வயல்கள் காய்ந்து கிடந்தால் தண்ணீர் வர ஒரு பகல் எடுக்கும். வயல்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ஐந்து, ஆறு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். மழை எவ்வளவு என்பதைவிட வட்டை, அதாவது வயல்வெளி, எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதுதான் எங்கள் நேரத்தைத் தீர்மானிக்கிறது. இது ஒரு பெண் பழைய கொப்பியில் பென்சிலால் கண்ட கணக்கு. அளவைக் கருவிகளும் பொறியியலாளர்களும் உள்ள உங்களால் இதைவிட நன்றாகவே சொல்ல முடியும். சொல்ல வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்டதில்லை போலும். இப்போது நான் கேட்கிறேன்.

கிணற்றுக்கட்டில் இவ்வளவு காலமும் 2011தான் உச்சக் கோடு. இந்த நவம்பரின் கோடு அதற்கு மேலே நான்கு விரற்கடை.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்த இரவில் கதவைத் திறந்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குளத்துக் கட்டு உடைந்தால் இந்த மடலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். புயல் வருகிறது என்று முன்பே தெரிந்தபோது குளத்தை மெல்ல மெல்லக் குறைத்து வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படிக் குறைத்து, புயல் விலகிப்போய், மழை பொய்த்திருந்தால், சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று உங்களை ஏசுகிற கூட்டத்தில் நாங்களும் நின்றிருப்போம். அது கடினமான தீர்மானம். அதை எடுப்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எடுத்த தீர்மானத்தைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லாமல் விட்டதும், பிறகு அவர்களையே குற்றம் சொன்னதும்தான் கோபம்.

முகத்துவாரத்தின் கதையும் இதுதான். வாவி ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீளம்; கடலுக்குப் போக அதற்கு இருப்பது பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரமும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாயும்தான். மணல் மூடிக் கிடந்தால் மேற்கிலிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீரெல்லாம் வாவிக்குள் தேங்கி, பின்னோக்கி எங்கள் வயலுக்கே ஏறும். ஆகவே ஆண்டுதோறும் வெட்ட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் ஒத்துப்போகாது. விவசாயிக்கு இன்றே வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் குஞ்சும் கடலோடு போய்விடும் என்பது மீனவரின் கவலை. என்னைத் தூக்கிய தோணிக்காரரும் அந்தக் கட்சிதான், அவர் சொல்வதிலும் பிழையில்லை. இரண்டு தரப்பும் சண்டை பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வயல் மூழ்கிய படம் பத்திரிகையில் வந்த பிறகு பெக்கோ இயந்திரத்தை அனுப்புவதுதான் எனக்குத் தெரிந்த காலம்தொட்டு நடக்கிறது. புயல் நேரத்தில் அனுப்பி என்ன பயன்? கடல் குமுறி உயர்ந்து நிற்கும்போது வாயைத் திறந்தால் தண்ணீர் வெளியே போகாது, கடல்தான் உள்ளே எட்டிப் பார்க்கும். வெட்ட வேண்டிய நாள் புயலுக்கு முந்திய அமைதியான நாள். அந்த நாளை யார், எந்த அளவை வைத்துத் தீர்மானிக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வீதியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பிரதான வீதியை உயர்த்திக் கார்ப்பெட் போட்டுத் தந்தீர்கள். நன்றி. ஆனால் பழைய வீதியில் ஏழு இடத்தில் தண்ணீர் குறுக்கே ஓடியது. புதிய வீதியில் மூன்று மதகு. மற்ற நான்கு இடத்திலும் இப்போது வீதியே அணைக்கட்டு. மேற்குப் பக்கம் குளம், கிழக்குப் பக்கம் காய்ந்த நிலம், நடுவில் பளபளவென்று வீதி. திறப்பு விழாப் படத்தில் அழகாகத்தான் இருந்தது.

1978ஆம் ஆண்டுச் சூறாவளியின்போது எனக்கு எட்டு வயது. நான் பிறந்தது வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். நவம்பர் 23, அதுவும் வியாழக்கிழமை இரவுதான். விடிந்தபோது எங்கள் வாசலில் நின்று வாவியைப் பார்க்க முடிந்தது. அதற்கு முதல் நாள்வரை பார்க்க முடியாது, நடுவில் தென்னந்தோட்டம் இருந்தது. ஒரு மரம் நிற்கவில்லை. 900க்கும் அதிகமான உயிர்கள் அந்தச் சூறாவளியில் போயின. எங்கள் அப்பா வானொலி இல்லாத மனிதர். காற்று வருகிறது என்பதைக் காற்று வந்துதான் அறிந்தார். அவரை அலட்சியக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் அப்போது எந்த அலுவலகத்துக்கும் இருக்கவில்லை. இன்று செய்மதிப் படம் இருக்கிறது, முன்னறிவிப்பு இருக்கிறது, ஒவ்வொரு கையிலும் தொலைபேசி இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டர் மட்டும், குளத்தடியிலிருந்து எங்கள் ஒழுங்கை வரை, 1978ஆகவே இருக்கிறது.

இந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகத்தில் மண்ணுக்குள் முழுக் குடும்பங்களே போயின. அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் இழப்பு இழப்பே அல்ல. எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. கூட்டத்தில் அதையும் உங்களில் ஒருவர் பெருமையாகச் சொன்னார், ஏதோ உங்கள் ஏற்பாட்டால் நடந்தது போல. அது தோணிக்காரரால் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2024 நவம்பர் 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்கப்போன உழவு இயந்திரம் புரண்டு, வீட்டுக்குப் போகப் புறப்பட்ட மத்ரஸாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. எங்கள் ஊருக்கும் அந்தக் கதிக்கும் இடையில் இருந்தது புளியமரத்தில் கட்டியிருந்த ஒரு கயிறு.

என் இழப்பைக் கேட்டால் சொல்கிறேன். மூன்று ஏக்கரில் நாற்பது நாள் பயிர். எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வற்றியபோது வயல் பச்சையாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை, சாம்பல் நிறச் சேறாக நாறியது. மறுபடி விதைக்க விதைநெல்லும் இல்லை, காலமும் பிந்திவிட்டது. கிணற்றை மூன்று தடவை இறைத்துக் குளோரின் போட்டோம். எலிக்காய்ச்சல் பயத்தில் கணவருக்கு வாரம் தவறாமல் மாத்திரை. தோணிக்காரரின் வலைகள் பாதிக்குப் பாதி போய்விட்டன. அவர் எங்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போயின. பக்கத்து வளவு அக்காவின் மூன்று கன்றுகள் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. வெள்ளத்தில் மாடு நீந்தும். அவிழ்த்துவிட ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் அவை மேட்டுக்குப் போயிருக்கும். அந்த ஒரு மணித்தியாலம் உங்கள் கடதாசியில் இருந்தது.

இனி நாங்கள் கேட்பவை.

வான்கதவு திறப்பதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தல் வர வேண்டும். அதில் திறக்கும் நேரம், ஒவ்வொரு ஊருக்கும் தண்ணீர் வந்து சேரும் நேரம், அந்த ஊரில் எந்த அடையாளம்வரை ஏறும் என்பது, எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது, இந்த நான்கும் இருக்க வேண்டும். கட்டு உடையும் ஆபத்து இல்லாத வேளைகளில் பகலில் திறவுங்கள். இரவில் திறந்தே ஆக வேண்டுமென்றால் மாலை வெளிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அறிவித்தல் முகநூலில் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மின்சாரமும் கோபுரமும் போன பிறகும் வேலை செய்கிற ஒன்று வேண்டும். கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. அவற்றுக்கு ஒரு பற்றரியும், பொறுப்பாக இரண்டு பேரும் போதும். அவர்களுக்குச் செய்தி கொண்டுவர மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள். இது கோடிக்கணக்கில் செலவாகிற வேலை அல்ல. செய்தி கிடைத்தது என்று அந்த இருவரும் நேரம் போட்டுக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லாமல் அறிவித்தல் விடப்பட்டது என்று இனி எந்தக் கூட்டத்திலும் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு ஊரின் மதகிலும் பாலத்திலும் அளவுப் பலகை நடுங்கள். எங்கள் ஊருக்கு என் கொப்பியையும் கிணற்றுக் கோடுகளையும் தருகிறேன், வந்து அளந்துகொள்ளலாம். வேறு ஊர்களிலும் இப்படிக் கோடு போட்டு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானைமாரைக் கேட்டால் காட்டித் தருவார்கள்.

முகத்துவாரம் வெட்டுவதற்கு வாவியின் நீர்மட்டத்தில் ஓர் எல்லையை விவசாயிகளையும் மீனவர்களையும் ஒன்றாக இருத்திப் பேசி முடிவுசெய்து, ஒக்டோபர் மாதத்துக்குள் எழுத்தில் வெளியிடுங்கள். அந்த மட்டம் வந்தால் வெட்டுவது, வராவிட்டால் வெட்டாமல் விடுவது. அப்போது யாரும் யாருடைய காலையும் பிடிக்க வேண்டியிருக்காது. எங்கள் வீதியில் அடைபட்ட நான்கு இடங்களிலும் அடுத்த மாரிக்கு முன் மதகு வையுங்கள்.

தோணி வைத்திருப்பவர்களை ஊர்வாரியாகப் பதிவுசெய்து, வெள்ள நாளில் அவர்கள் செய்யும் வேலைக்குக் கூலியும், அதில் அவர்கள் இழக்கும் வலைக்கும் தோணிக்கும் நட்டஈடும் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இந்த நவம்பரிலிருந்தே.

நவம்பர் 26 முதல் 29 வரை எங்கள் பக்கத்துக் குளத்தின் எந்தக் கதவு எத்தனை மணிக்கு எத்தனை அடி திறக்கப்பட்டது என்ற பதிவேட்டின் பிரதியை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டு என் பெயரில் தனியாக ஒரு விண்ணப்பம் ஒப்படைத்திருக்கிறேன். அதற்குச் சட்டம் சொல்லும் காலத்துக்குள் பதில் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. டிசம்பர்க் கூட்டத்தின் குறிப்பிலிருந்து “அலட்சியம்” என்ற சொல்லை நீக்கி, அறிவித்தல் உரிய நேரத்தில் மக்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். திருத்திய பிரதியோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அதே மண்டபத்தைத் திறந்து வைக்கிறேன். தோணிக்காரருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டிருப்பேன். மாமியைத் தூக்கிய அதே கதிரை.

படுவான்கரையிலிருந்து,
ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை